தேதியை முதலில் பிடியுங்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் சிற்றரங்கு நடத்த வருபவர்களுக்கு

தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். பழைய ஐஸ் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து நாடக அரங்காக வைத்திருக்கிறோம். தரையில் பாய் விரித்தால் அறுபது பேர் உட்காரலாம். பின்வரிசையில் நாற்காலி போட்டால் இன்னும் இருபது பேர். முதன்முதலில் நாங்கள் போட்ட நாடகத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். நாற்பது நாள் ஒத்திகை பார்த்திருந்தோம். நடித்தவர்கள் யாரும் சோடை போகவில்லை. ஆனால் அன்று மாலை ஊர் ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் பக்கத்து ஊர் முளைப்பாரி பார்க்கப் போயிருந்தார்கள். வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், “நாள் பார்க்காமல் வைத்துவிட்டீர்களே தம்பி, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் அரங்கு நிறைந்தது. நகரத்தில் நாடகத்தை முடிவு செய்துவிட்டு அதற்குத் தேதி தேடுவார்கள். இந்தக் கரையில் தேதியை முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு எந்த நாடகம் பொருந்தும் என்று பிறகு யோசிக்க வேண்டும். பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்து, “நாங்களும் ஓர் அரங்கு தொடங்க வேண்டும், வரவிருக்கும் நிகழ்ச்சிகளை எப்படித் திட்டமிடுகிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

கிடைக்காத நாட்களை முதலில் அடியுங்கள்

தமிழ் மாதம், திதி, பிறை மூன்றும் போட்ட பெரிய மாதக் காலண்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு, உங்களுக்குக் கிடைக்காத நாட்களை ஒவ்வொன்றாக அடியுங்கள். முதலில் கடலின் நாட்கள்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். எனவே விசைப்படகு ஊரில் சனிக்கிழமை மாலை நாடகம் வைக்காதீர்கள். சனிக்கிழமைதான் கூட்டம் சேரும் என்று மதுரையிலிருந்து வரும் நண்பர்கள் சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. ஞாயிறு மாலை தோதான நேரம்தான், ஆனால் திங்கள் விடியலில் அவர்கள் மறுபடி கிளம்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எட்டரை மணிக்குள் நாடகம் முடிந்துவிட வேண்டும். நாட்டுப்படகு ஊரில் கணக்கு வேறு. ஊருக்கு ஊர் கட்டுப்பாடும் வேறு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் ஏலக்கூடம். காலையில் ஏலம் முடிந்து, கணக்குப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில் போங்கள். ஏலம் நடக்கும்போது போய் நாடகத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காது இருக்காது.

பெண்களின் நாட்களைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பகுதிகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் நீர் நன்றாக வற்றும் என்பதால் அந்த நாட்களில்தான் அவர்களுக்கு வேலை அதிகம். மணிக்கணக்காக உப்பு நீரில் மூழ்கி எழுந்துவிட்டு வரும் பெண்ணை அன்று மாலையே நாடகம் பார்க்கக் கூப்பிடுவது நியாயமில்லை. முழு நிலவில் கடற்கரையில் நாடகம் போட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. பாசி எடுக்கும் ஊரில் அதை வளர்பிறை எட்டாம் நாளுக்கோ ஒன்பதாம் நாளுக்கோ தள்ளிக்கொள்ளுங்கள். நாடகம் முடியும் நேரத்தில் அரை நிலவு மேற்கே நிற்கும். வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த வெளிச்சம் போதும். எங்கள் பார்வையாளர்களில் பெண்கள் பாதிக்கு மேல் ஆனது இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான்.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வலை சரி செய்வார்கள். பள்ளி விடுமுறையும் இதற்குள் வந்துவிடும். ஆண், பெண், பிள்ளை எல்லாரும் ஊரில் இருக்கும் நாட்கள் ஆண்டில் இவைதான். ஆனால் கையில் காசு இருக்காது. இந்த இரண்டு மாதத்தில் டிக்கெட் போடாதீர்கள். நாடகம் முடிந்ததும் துண்டை ஏந்துங்கள். ஐந்து ரூபாய் விழுந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டு நிரலில் பாதி நிகழ்ச்சிகள் இந்த 61 நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தடை நீங்கிய முதல் வாரங்களில் ஊரில் காசு புழங்கும், ஆனால் ஆள் கரையில் நிற்கமாட்டார். அப்போது அரங்கைப் பூட்டிவிட்டு ஒத்திகை பாருங்கள்.

காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கத்தை ராமேஸ்வரம் மீனவர்கள் வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது மாறிவிடும். மண்டபத்திலும் ராமேஸ்வரம் தீவிலும் இரண்டு கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திறந்தவெளியில் நாடகம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. வாடையில் தென்கரை, கச்சானில் வடகரை என்று இடத்தை மாற்றிக்கொண்டால் அலைச்சத்தத்தோடு தொண்டை கிழியப் போராட வேண்டியதில்லை.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம்

கடலுக்கு அடுத்து ஊரின் வழிபாட்டு நாட்கள். ஒரே சாலையில் அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் அடுத்தடுத்து வரும் பகுதி இது. மூன்று இடத்துக்கும் நேரில் போய்க் கேளுங்கள். ரமலான் மாதம் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும், ஏர்வாடி சந்தனக்கூடும் அப்படியே. போன வருஷக் காலண்டரைப் பார்த்துத் தேதி வைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். தவக்காலத்தில் மாதா கோயில் ஊர்களில் கேளிக்கை நாடகம் வேண்டாம். பிப்ரவரி 4 கிறித்தவப் புனிதர் அருளானந்தர் 1693இல் ஓரியூரில் உயிர்த்தியாகம் செய்த நாள். அதையொட்டித் திருவாடானைப் பக்கத்தில் நிகழ்ச்சி வைக்காமல் இருப்பது நல்லது. பாங்கு சொல்லும்போது மேடையில் பேச்சு நிற்க வேண்டும். நாங்கள் இஷா என்ற இரவுத் தொழுகை நேரத்தைப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு மௌனக் காட்சி வருமாறு நாடகத்தை அமைத்துக்கொள்கிறோம். இதைச் செய்யச் சொல்லி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. செய்த பிறகு பள்ளிவாசல் தெருவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

கோயில் திருவிழாக்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தின் பெரிய நாடக மேடை அங்கேதான் இருக்கிறது. மாசியிலிருந்து ஆடி வரை ஊர்தோறும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாணி. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர் என்று ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே பேசி அழைத்து வருவதால்தான் ஸ்பெஷல் என்ற பெயர். அந்த நாடகத்துக்கென்று சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கமாட்டார்கள். ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்துக்கொள்வார்கள், இரவு பத்து மணி வாக்கில் பபூன் மேடையேறுவார், விடியும்வரை நடக்கும். பாட்டும் பாடமும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது முடிகிறது.

அவர்களோடு போட்டி போடாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் வள்ளி திருமணம் நடக்கிறது என்றால் உங்கள் அரங்கை மூடிவிட்டு, நடிகர்களை அழைத்துக்கொண்டு போய் மணலில் முன்வரிசையில் உட்காருங்கள். அதையே உங்கள் நிரலில் ஒரு நிகழ்ச்சியாகப் போடலாம், நாங்கள் போடுகிறோம். பட்டறை நடத்திக் கற்றுக்கொடுக்க முடியாததை நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் ஓர் இரவில் கற்றுக்கொடுக்கும். எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார் என்று தெரியாமல், ஆர்மோனியத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். தூங்கி வழியும் கூட்டத்தை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டும். நவீன நாடகம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் சிலர் இதைப் பழைய சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கரையில் நாடகம் பார்க்கத் தெரிந்த கண்களை உருவாக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கலைஞர்கள்தான்.

அவர்களை உங்கள் அரங்குக்கு அழைக்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அழையுங்கள். மழைக்காலத்தில் அவர்களுக்கு வாய்ப்புக் குறைவு, வருமானமும் குறைவு. ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், இரண்டு நடிகர்கள் போதும். கூரைக்கு அடியில் இரண்டு மணி நேரம் பாடி, பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மாலையாக வைக்கலாம். பேசிய தொகையில் பாதியைத் தேதி வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். மழை வந்து நிகழ்ச்சி நின்றாலும் அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

மிஞ்சிய தேதிகளுக்கு நாடகம் தேடுவது

இவ்வளவும் அடித்த பிறகு ஆண்டில் நாற்பது மாலைகள் மிஞ்சினால் பெரிது. எங்களுக்கு அதுவே அதிகம்; தடைக்காலம் தவிர்த்து, மாதம் இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் சின்ன அரங்கு தாங்காது.

ஒவ்வொரு தேதியும் தனக்கான நாடகத்தைக் கேட்கும். தடைக்காலத்து மாலைக்குப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும் ஒரு மணி நேர நாடகம் வேண்டும். மார்ச் 27 உலக நாடக நாள், 1962 முதல் கொண்டாடப்படுகிறது. ஆனால் நம் ஊரில் அது பொதுத்தேர்வுக் காலம். பெரிய நாடகம் வைத்து ஒலிபெருக்கி கட்டினால் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கோபப்படுவது நியாயம். அன்று பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு நாடகத்தை வாய்விட்டு வாசித்தால் போதும். டிசம்பர் 22ஆம் தேதியை எங்கள் நிரலில் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். 1964இல் அன்றிரவுதான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அன்று நாடகம் கிடையாது. அந்த இரவைக் கண்ட பெரியவர்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்போம். அப்போது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த ஆண்டுக்கு என்று ஒத்திப்போடாதீர்கள்.

பிரதி யாருடையது என்று பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடங்களுக்கு அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. இன்றைய எழுத்தாளர்களின் நாடகம் என்றால் கேட்டுத்தான் போட வேண்டும். கட்டணம் வாங்காத அமெச்சூர் மன்றங்களுக்கு அதே 1957ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அப்போதும் எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாடக ஆசிரியர்களுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை குறைவு, நாமாவது கொடுப்போம்.

நடிகர் எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். நான்கு பேருக்கு மேல் போனால் யாராவது ஒருவருக்குக் கடலிலோ வளைகுடா நாட்டிலோ வேலை வந்துவிடும்.

அனுமதி

திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள், ஒரு வாரத்துக்கு முன்பே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாம் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவதால் சிக்கல் வராது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தில் இருந்த அத்தகைய பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. வழக்குத் தொடுத்தவர் பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி. நம்மைப் போன்ற சின்னக் குழுக்கள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கின்றன.

நோட்டீஸ் எழுதுவது

மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டீஸ் போதும். முதல் மாதத்து நிகழ்ச்சிகளை நாடகத்தின் பெயரோடு அச்சிடுங்கள். இரண்டாம் மாதத்துக்குத் தேதியும் எந்த வகை நாடகம் என்பதும் போதும். மூன்றாம் மாதத்துக்குத் தேதி மட்டும். ஒத்திகை பாதியில் நிற்கும் நாடகத்தின் பெயரை அச்சடித்துவிட்டு, வேறு ஒன்றைக் காட்டினால் ஒருமுறை பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் தமிழ் மாதத் தேதியையும் பிறையையும் கிழமையையும் போடுங்கள். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் வீட்டில் கணக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பும் பெண்ணுக்கு அதுதான் முக்கியம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்காகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டெப்போவில் கேட்டு எழுதுங்கள். நாடகம் அதற்கு அரை மணி நேரம் முன்பே முடிய வேண்டும். கழிப்பறை உண்டா, கைக்குழந்தையோடு வரலாமா, தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டா என்பதையும் எழுதுங்கள். இயக்குநரின் படம் வேண்டாம். அந்த இடத்தில், நிகழ்ச்சி நின்றால் நடத்தும் மாற்றுத் தேதியைப் போடுங்கள்.

ஏலக்கூடத் தூண், ரேஷன் கடை, தேநீர்க்கடை, மகளிர் குழு கூடும் இடம் ஆகிய நான்கு இடங்களில் ஒட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் நோட்டீஸின் படத்தைப் போடுவதைவிட, நடிகர்களில் ஒருவர் தம் ஊர்ப் பேச்சில் அரை நிமிடம் பேசிய குரல் பதிவை அனுப்புங்கள். படகில் இருப்பவர்கள் அலைபேசித் தொடர்பு கிடைக்கும் தூரத்துக்கு வந்ததும் அதைக் கேட்கிறார்கள்.

நாடகத்தன்று

உப்புக்காற்று மின்கருவிகளைத் தின்றுவிடும். மைக் முனைகளையும் விளக்கின் பிளக்குகளையும் அன்று காலையிலேயே துடைத்து, ஒருமுறை போட்டுப் பாருங்கள். துணிப் படுதாவின் அடியில் மூங்கில் கழியைக் கோத்துக் கட்டினால் காற்றில் பறக்காது. கடற்கரையில் நடத்துவதானால் விளக்குகளைக் கரைப்பக்கம் திருப்பி வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடங்களில், தனுஷ்கோடிப் பக்கம், கடலை நோக்கி வெளிச்சம் போகவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித் திசை தவறிவிடும்.

எங்களுடையதைப் போன்ற தகரக் கூரை அரங்கில் மழை பிடித்துக்கொண்டால் வசனம் கேட்காது. கத்திப் பேசாதீர்கள். நாங்கள் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு கூட்டுப் பாட்டைத் தயாராக வைத்திருக்கிறோம். மழை வலுத்தால் நடிகர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அதைப் பாடுவார்கள், பார்வையாளர்களும் சேர்ந்துகொள்வார்கள். தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கட்டணம் பெரியவர்களுக்கு ஐம்பது ரூபாய், பிள்ளைகளுக்கு இல்லை. வாடகை, மின்சாரம், நடிகர்களின் வழிச்செலவு, இரவு உணவு ஆகியவற்றை எழுதி வாசலிலேயே ஒட்டிவிடுகிறோம். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால் இல்லாதவர்கூட அடுத்த முறை கொடுக்கிறார்.

நிறுத்த வேண்டிய நாட்கள்

ஊரில் கேதம், அதாவது சாவு, விழுந்தால் நாடகம் இல்லை. யார் வீடு, என்ன உறவு என்று விசாரிக்க வேண்டியதில்லை. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலும் தள்ளி வையுங்கள். அன்று எல்லார் மனமும் படகின் மேல் இருக்கும். படகோடு மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது என்ற செய்தி வந்தால், அது பக்கத்து ஊராக இருந்தாலும், அன்றைய நிகழ்ச்சியை நிறுத்திவிடுங்கள். அந்த வலியைப் பற்றிய நாடகமே உங்களிடம் இருக்கலாம். அதையும் அன்று போடாதீர்கள். சிறையிலிருந்து ஆள் திரும்பி வந்த பிறகு, அந்த வீட்டாரிடம் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் போடுங்கள். நாங்கள் ஒருமுறை அப்படிக் காத்திருந்து ஏழு மாதம் கழித்துப் போட்டோம். அந்த வீட்டு அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கைதட்டல் ஓய்வதற்குள், ஒப்பனை கலைக்காமல், நடிகர்களில் இளையவர் முன்னால் வந்து அடுத்த தேதியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, “அன்று உங்களுக்குத் தோதுப்படுமா?” என்று கேட்க வேண்டும். போன மாதம் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, “அன்றைக்கு எங்கள் தெருவில் கல்யாணம் இருக்கிறது, மறுநாள் வையுங்கள்” என்றார். அங்கேயே பென்சிலை எடுத்துக் காலண்டரில் மாற்றி எழுதினோம்.